சேவல் உள்ளே, சாவியும் உள்ளே

என் தம்பி வலுசிம்பிக்குப் பெண் கேட்டுப் போன கூட்டத்தில் மெக்கானிக் ஒரே ஒருத்திதான். அது நான். வண்டி நடுவழியில் நின்றதற்குக் காரணமும் ஒரே ஒருத்திதான். அதுவும் நான். முதல் சங்கதியை ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தேன். இரண்டாவதை இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறேன், யாரும் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.

கம்பாலாவின் காட்வே பகுதியில் எனக்குச் சொந்தப் பட்டறை. 'நபிடாலோ கை வெச்சா வண்டி பேசும்' என்று நானே பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். கல்யாணப் பேச்சுக்கு மூன்று வாரம் முன்னால் கிகோஸி சித்தப்பா தன் வேனைக் கொண்டுவந்து விட்டார். ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்து, கப்பலேறி மொம்பாசா வழியாகக் கம்பாலா வந்து சேர்ந்த வேன் அது. சாவியைத் திருப்பினால் உள்ளேயிருந்து ஒரு ஜப்பான்காரி தேன் குரலில் ஏதோ சொல்வாள். பதினொரு வருஷமாக அவள் என்ன சொல்கிறாள் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. சித்தப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் மரியாதையாக, "சரிம்மா" என்பார்.

டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மிஷினைச் செருகிப் பார்த்தேன், ஆக்சிஜன் சென்சார் போயிருந்தது. சைலன்சர் குழாய்க்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சாமான் அது. பெட்ரோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று புகையை முகர்ந்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. கெட்டுப்போனால் 'குறைச்சல், குறைச்சல்' என்று பொய் சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பிப் பெட்ரோலை வாரி ஊற்றும், வண்டி கறுப்புப் புகை கக்கித் திணறும். சித்தப்பா மறுபேச்சில்லாமல் போய்ப் புதுச் சென்சார் ஒன்று வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்.

பழையதைக் கழற்றப் பார்த்தேன். துருவேறிக் குழாயோடு குழாயாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன், ஒரு நூல்கூட அசையவில்லை. மணி ஐந்தரை. என் கோமெசியைத் தைக்கிற டெய்லர் ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிவிடுவாள். தோள் இரண்டிலும் கொம்பு மாதிரி நிமிர்ந்து நிற்கிற பட்டுக் கோமெசி, அதுவும் மாம்பழ நிறத்தில், அளவு பார்க்காமல் விட முடியுமா. பேட்டரி டெர்மினலைக் கழற்றி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி மாட்டினேன். விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டருக்கு ஞாபகம் போனால் விளக்கு போகும், நோய் போகாது. இது எனக்குத் தெரியாததா.

"மாத்திட்டேன் சித்தப்பா" என்றேன்.

அவர் வேனை எடுத்துக்கொண்டு போய்ச் சொந்தக்காரர்கள் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கி, தன் அண்ணன் மகளுக்கு இணையான மெக்கானிக் இந்த ஊரில் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தார். புதுச் சென்சார் பெட்டியோடு என் பெரிய பையின் அடியில் கிடந்தது. கல்யாணப் பேச்சு முடிந்த மறுநாள் மாட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணின் பெயர் நம்பூஸி. வலுசிம்பி பூகோள வாத்தியார். வகுப்பில் எல்லா மலைகளின் உயரமும் சொல்வான், நம்பூஸி எதிரில் வந்தால் தன் பெயரே மறந்துபோகும். ஆனால் விஷயம் அவளில்லை, அவள் அப்பா. முப்பது வருஷம் பரீட்சை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து மணிக்கு வரச் சொன்னால் பத்து மணிக்குக் கேட்டைத் தன் கையால் பூட்டுவார். நம்பூஸியின் அக்காவைக் கேட்டு வந்தவர்கள் இருபது நிமிஷம் தாமதம். அடுத்த மாதம் வாருங்கள் என்று கேட்டுக்கு வெளியிலேயே திருப்பி அனுப்பினார். அடுத்த மாதம் அந்தப் பையனின் வீட்டார் ரோஷப்பட்டு வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அக்கா இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். இதைத் தம்பி என்னிடம் நாற்பது தடவை சொல்லியிருந்தான்.

அன்று காலை புசேகாவிலிருந்து மித்யானா சாலையில் ஐந்து வண்டிகள் கிளம்பின. லாரியில் வாழைத்தார், சோபா, சர்க்கரை மூட்டை, இரண்டு மாடு. சித்தப்பாவின் வேன் கடைசியில். அதில் சித்தப்பா, மாப்பிள்ளை, நான், எங்கள் பக்கம் பேசுவதற்கு அமர்த்தியிருந்த லுட்வாமா என்கிற பேச்சாளர், பெரியவர்கள் மூன்று பேர், ஒரு சேவல். சேவல் சாதாரணப்பட்டதில்லை. மாடு கொடுத்தாலும் மாளிகை கொடுத்தாலும், பெண்ணின் அண்ணன் கையில், அதாவது மச்சான் கையில், அந்தச் சேவலைக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் கல்யாணம் கல்யாணமே இல்லை. சித்தப்பா அதை ஒரு மாதமாக மக்காச்சோளம் போட்டு வளர்த்திருந்தார். காலைக் கட்டி, ஓலைக்கூடையில் வைத்து, முன் சீட்டில் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். காற்று வேண்டும் என்று ஜன்னலை ஒரு விரல்கடை இறக்கியும் விட்டிருந்தார்.

முதூமா ஏற்றத்தில் வேன் இருமியது. பிறகு குதித்தது. பின்னால் வந்த பைக்குக்காரன் ஒருவன் புகைக்குள் மறைந்துபோய், வெளியே வந்து, எங்களைத் தாண்டும்போது, "ஏம்மா, உள்ள சமையல் நடக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஏற்றத்தின் பாதியில் இன்ஜின் செத்தது. மணி எட்டு ஐம்பத்தைந்து.

"சித்தப்பா, மஞ்ச விளக்கு எரியுதா?" என்றேன்.

அவர் டாஷ்போர்டைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த குன்றைப் பார்த்தார். "எந்த விளக்கும் எரியலையே."

அப்பாடா என்று இருந்தது. விளக்கு எரியவில்லை என்றால் சென்சார் இல்லை, என் தப்பும் இல்லை. உடனே எனக்குக் குரல் வந்துவிட்டது. வழியில் பெட்ரோல் போட்ட இடத்தைப் பிடித்துத் திட்டினேன், தண்ணீர் கலந்துவிட்டான் பாவி என்றேன், அவன் குடும்பத்தையும் விடவில்லை. பத்து நிமிஷம் இப்படியே போயிற்று. தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வெளுத்துக்கொண்டிருந்தான். முன்னால் போன வண்டிகளுக்கு லுட்வாமா போன் போட்டார். அவர்கள் பெண்வீட்டுத் திருப்பத்தில் போய் நின்றுவிட்டார்கள், ஒற்றைத் தடத்தில் பின்னால் லாரி வழியை அடைத்து நிற்கிறது, அதைத் திருப்பி, எங்களை ஏற்ற வந்து போனால் பத்தரை ஆகிவிடும்.

ஓட்டுகிற சீட்டில் நானே ஏறிச் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஜப்பான்காரி பேசினாள். வெளியே நின்ற சித்தப்பா, "சரிம்மா" என்றார். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். எல்லாம் எரிந்தது, இன்ஜின் விளக்கு இருக்கிற இடம் மட்டும் இருட்டு. விரலை வைத்துத் தடவினேன். சுண்டுவிரல் நக அளவுக்குக் கறுப்பு டேப்பை அழகாக வெட்டி, கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒட்டியிருந்தது.

ஓரத்தைத் தூக்கினேன். மஞ்சள் விளக்கு என்னைப் பார்த்துச் சிரித்தது.

டேப்பை மறுபடி அமுக்கிவிட்டேன். யார் ஒட்டினது என்று கேட்க வாய் துடித்தது. கேட்டால், ஏன் எரிகிறது என்று அடுத்த கேள்வி வரும். வேனைக் கழுவுகிறவன் எவனோ செய்த வேலை என்று மனசுக்குள் ஒருவனைப் பிடித்து நாலு அறை அறைந்துவிட்டு இறங்கினேன்.

"சித்தப்பா, போன தடவை மாட்டினது டூப்ளிகேட் போலிருக்கு. நல்லவேளை, பையில இன்னொண்ணு வெச்சிருக்கேன்."

பெட்டியை எடுத்தேன். அவர் தன் கையால் வாங்கிவந்த பெட்டி. மூலையில் கொஞ்சம் கிழிந்திருந்ததுகூட அதே கிழிசல். சித்தப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குன்றைப் பார்த்தார். "ஒரே மாதிரி பெட்டியாத்தான் போடுறாங்க" என்றார்.

யார் வண்டிக்கடியில் போவது என்பது அடுத்த பிரச்சினை. நான் கோமெசியில் இருந்தேன். எட்டு கஜத் துணி, இடுப்பில் மெத்தை மாதிரி ஒரு கச்சை, வண்டிக்கடியில் போனால் என்னை வெளியே எடுக்க இன்னொரு வேன் வேண்டும். லுட்வாமாவுக்குத் தொப்பை. பெரியவர்கள் குனிந்தால் நிமிர மாட்டார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, எனக்கு ஸ்பேனர்ல எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாது."

"நம்பூஸி வேணுமா வேணாமா?"

கோட்டைக் கழற்றினான். வெள்ளைக் கன்சு அங்கியையும் கழற்றினான், உள்ளே சட்டையும் கால்சட்டையுமாக ஒல்லிக்குச்சி. கணுக்கால் வரை தொங்குகிற அந்த அங்கி அழுக்காகிவிடக் கூடாது என்று நானே வாங்கி உதறி, வேனுக்குப் பின்னால் நின்ற காபிச் செடியில் பத்திரமாகத் தொங்கவிட்டேன். என்ன பொறுப்பான அக்கா என்று என்னை நானே மெச்சிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவன் மல்லாந்து உள்ளே போனான். நான் சாலையோரம் மாம்பழக் கூடாரம் மாதிரி குந்திக்கொண்டு வழி சொன்னேன். பழையதுதான் செத்துப்போயிற்றே, அதன் ஒயரை வெட்டிவிட்டால் வளைய ஸ்பேனரை முழுசாக மாட்டலாம். வெட்டு என்றேன், வெட்டினான். மறுமுனைச் சொருகலையும் கழற்றி ஒயரை வெளியே எறிந்தான். மாட்டு என்றேன். குழாய் சூடு. "ஐயோ அக்கா" என்று ஒரு சத்தம். கட்டைவிரல் வெந்துபோயிற்று. என் கச்சைத் துணியின் நுனியை உள்ளே கொடுத்து அதைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"இடது."

"யாரோட இடது? நான் மல்லாந்து கெடக்கேன்."

"பூகோள வாத்தியார்தானே நீ, திசை தெரியாதா? மித்யானா பக்கம் திருப்பு."

திருப்பினான். கிறீச் என்று ஒரு சத்தம், கழன்றுவிட்டது. பட்டறையில் இரண்டு ஆள் பலத்தோடு நான் இழுத்து அசையாதது, குழாய் சூடாக இருந்ததால் வாத்தியாரின் குச்சிக் கைக்குக் கழன்றுகொண்டு வந்தது. அன்றைக்கே பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டுக் கழற்றியிருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது.

புதியதை மாட்டி, சொருகலைச் சொருகி, அவன் வெளியே வந்தபோது மணி ஒன்பது இருபத்தைந்து. இனி கம்ப்யூட்டருக்குப் பழைய ஞாபகம் போக வேண்டும். மிஷின் பட்டறையில் கிடக்கிறது, ஆகவே எனக்குத் தெரிந்த அதே பழைய வைத்தியம்தான். டெர்மினலைக் கழற்றினேன். இதற்குள் சேவல் கூடையைத் தள்ளிவிட்டுக் கால்கட்டையும் அவிழ்த்துக்கொண்டு சீட்டில் ஏறி நின்றது. ஓடிவிடும் என்று சித்தப்பா எல்லாக் கதவையும் அறைந்து சாத்தினார். ஐந்து நிமிஷம் பொறுத்தேன், அதற்கு மேல் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டெர்மினலை மாட்டினேன்.

டக்.

ஐந்து கதவும் ஒரே சமயத்தில் தானாகப் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. சேவல் உள்ளே. ஜப்பான்காரி பேச ஆரம்பித்தாள்.

"சரிம்மா" என்றார் சித்தப்பா, ஜன்னல் வழியாக.

லுட்வாமாதான் முதலில் சிரித்தார். தொப்பை குலுங்கச் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பெரியவர்கள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணீரும் கூடவே வந்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, கண்ணாடிய ஒடச்சிடு" என்றான் மெதுவாக. சித்தப்பாவின் பதினொரு வருஷ வேன். அவர் சாலையோரம் கிடந்த கல்லை எடுத்து என் கையில் கொடுத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கல்லைக் கீழே போட்டேன். தம்பி எறிந்த பழைய சென்சாரின் ஒயர் காலடியில் கிடந்தது. முழங்கை நீளம், நல்ல விறைப்பு. நுனியில் சுருக்குப் போட்டேன். சேவலுக்காகத் திறந்திருந்த விரல்கடைச் சந்தில் விட்டு, ஜன்னலுக்குக் கீழே நிமிர்ந்து நிற்கிற பூட்டுக் குமிழை நோக்கி இறக்கினேன். சேவல் தலையைச் சாய்த்துப் பார்த்தது. புழு என்று நினைத்துவிட்டது. ஒரே கொத்து, ஒயரை இழுத்துக்கொண்டு சீட்டின் அந்தக் கோடிக்குப் போயிற்று.

"விடுடா. உன்ன மச்சான் திங்கறதுக்கு முன்னாடி நான் தின்னுடுவேன்."

மூன்று தடவை இறக்கினேன், மூன்று தடவையும் கொத்தியது. கடைசியில் லுட்வாமா தன் பையிலிருந்த வறுத்த வேர்க்கடலையை அந்தப் பக்கக் கண்ணாடியில் தட்டித் தட்டிக் காட்டினார். சேவல் அங்கே போய்க் கண்ணாடியைக் கொத்தியது. இந்தப் பக்கம் சுருக்கு குமிழில் விழுந்தது. இழுத்தேன். திறந்தது.

மணி ஒன்பது முப்பத்தெட்டு. எல்லோரும் அடித்துப் பிடித்து ஏறினார்கள். இந்த முறை நான் ஓட்டுகிற சீட்டில். ஸ்டார்ட் ஆனதும் ஆனந்தம் தாங்காமல் ஆக்சிலேட்டரை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். மூன்று வாரமாகக் குழாய்க்குள் படிந்திருந்த கரி அத்தனையும் ஈரப் பெட்ரோலோடு ஒரே ஏப்பமாகப் பின்னால் போயிற்று.

பின்னால் காபிச் செடி. செடியில் கன்சு.

தம்பி இறங்கிப் போய் அதை எடுத்துக்கொண்டு வந்தான். மார்பிலிருந்து முட்டி வரை கறுப்பு. தட்டினால் பரவியது. அவன் அதை மாட்டிக்கொண்டு, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, எரிந்த கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எனக்குப் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. வேன் மட்டும் ஏற்றத்தில் பட்டு மாதிரி ஏறியது.

பெண்வீட்டுத் திருப்பத்தில் எங்கள் ஆட்கள் வெள்ளை வெளேரென்று வரிசையில் நின்றார்கள். இருபது கன்சு, ஒரு கறை கிடையாது. மாப்பிள்ளை இறங்கியதும் எல்லோர் கண்ணும் அவன் மார்புக்குப் போயிற்று. பரீட்சை வாத்தியாரின் வீட்டு வாசலுக்குக் கரி பூசிய மாப்பிள்ளை.

சித்தப்பா வேனுக்குப் பின்னால் போனார். குழாயின் வாயில் இரண்டு விரலை விட்டு எடுத்தார். ஊரிலேயே வெளுப்பான தன் கன்சுவின் மார்பில் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார்.

"பாத்துக்கிட்டு நிக்கறீங்களே, நேரமாகுது" என்றார்.

லுட்வாமா அடுத்து. பிறகு பெரியவர்கள். பிறகு தள்ளுமுள்ளு. இருபத்தைந்து ஆண்கள் வேனின் பின்பக்கத்தில் முண்டியடித்துக்கொண்டு, எனக்கு எனக்கு என்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கரி பூசிக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கேட்டுக்குள் நுழைந்தோம். நம்பூஸியின் அப்பா கையில் பூட்டோடு நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவர் விதியெல்லாம் நேரத்துக்குத்தான், கன்சுக் கரிக்கு ஒன்றும் இல்லாததால் பூட்டைக் கீழே வைத்தார்.

எங்கள் வழக்கப்படி, கூட்டத்துக்குள் மறைந்து உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையைப் பெண்ணின் அத்தை கண்டுபிடித்துப் பூக் குத்த வேண்டும். கையில் பூவோடு அவள் வரிசையின் முன்னால் நடந்தாள். சரியான வாய்க்காரி.

"ஏன்யா, உங்க குலத்துல வெள்ளைத் துணிய இப்படித்தான் துவைக்கறீங்களா?"

லுட்வாமா எழுந்தார். "அம்மா, எங்க குலத்துல பொண்ணு கேட்டு வர்றவன் காலாட்டிக்கிட்டு உக்காந்து வரமாட்டான். வண்டியத் தூக்கிக்கிட்டாவது வருவான். அதுக்கு அடையாளம்."

பந்தல் அதிர்ந்தது. அத்தையும் சிரித்துவிட்டாள். ஆனால் அவள் கன்சுவைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். இருபத்தாறு கன்சுவிலும் கரி இருந்தது, கொப்புளம் ஒரே ஒரு கட்டைவிரலில்தான் இருந்தது. அதை ஊதிக்கொண்டிருந்தவனின் முன்னால் நின்று பூவைக் குத்தினாள். தூணுக்குப் பின்னால் நம்பூஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. சேவல் மச்சான் கைக்குப் போனபோது என்னைத் திரும்பி ஒரு முறை முறைத்தது.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். வேனில் நானும் சித்தப்பாவும்தான் முதலில் ஏறினோம், மற்றவர்கள் இன்னும் வேர்க்கடலைக் குழம்பை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சித்தப்பா, அன்னிக்கு நான் மாத்தவே இல்ல."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"ரெண்டாம் நாளே எரிஞ்சிடுச்சே. வண்டில ஏறுறவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் உன் பெருமை பேசிட்டேன். எரியறதப் பாத்தா என்ன நெனைப்பான்? அதான் ஒட்டினேன்." தன் கன்சுவிலிருந்த கரியை ஒரு தடவை தடவிக்கொண்டார். "டேப்பு வெட்டத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. கண்ணு சரியாத் தெரியல."

டாஷ்போர்டில் கையை நீட்டி நகத்தால் டேப்பை உரித்தேன். அவர் சாவியைத் திருப்பினார். எல்லா விளக்கும் எரிந்தது, மஞ்சளும் எரிந்தது. இன்ஜின் பிடித்ததும் ஒவ்வொன்றாக அணைந்தது. மஞ்சளையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் அணைந்தது.

ஜப்பான்காரி ஏதோ சொன்னாள்.

"சரிம்மா" என்றோம், இரண்டு பேரும்.